ஊத்தைப் பல் தேடி அலைந்த நாட்கள்

போன வருடம் மார்ச் மாதம், மொன்றியலில் தெருவோரப் பனிக் குவியல்கள் கறுத்துக் கரையத் தொடங்கியிருந்த நேரம் இது நடந்தது. நடந்த இடம் என் மகள் படித்த செஜெப். இங்கே பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகுமுன் இரண்டு வருடம் படிக்கும் அரசாங்கக் கல்லூரியை அப்படித்தான் சொல்வார்கள். தொழில் படிப்பவர்களுக்கு மட்டும் மூன்று வருடம். என் மகள் எடுத்தது அந்த மூன்று வருடப் படிப்பில் ஒன்று, பல் சுத்தம் செய்யும் தொழில். அவள் டொக்டராகி உடம்பு முழுவதையும் பார்ப்பாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் பல்லோடு நிறுத்திக்கொண்டாள். ஊரில் கணக்கு ஆசிரியையாக இருந்து, இங்கே டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை செய்கிறவள் நான். யாருக்கு எதைச் சொல்ல முடியும்?

கல்லூரிக்குள்ளேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. வெளியாட்கள் வந்து வாயைத் திறந்துகொண்டு படுப்பார்கள், மாணவிகள் சுத்தம் செய்வார்கள், ஆசிரியைகள் மேற்பார்வை பார்ப்பார்கள். கடைசி வருடத்தில் பெரிய செய்முறைச் சோதனை ஒன்று உண்டு. அதற்கான ஆளை மாணவியே தேடிக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளின் பல் சும்மா அழுக்காக இருந்தால் போதாது. ஊத்தை கல்லுப்போல இறுகி, பல்லைப் பிடித்திருக்கும் முரசுச் சதைக்குக் கீழேயும் இறங்கியிருக்க வேண்டும். அப்படி ஒரு வாய் கிடைக்காவிட்டால் அந்தப் பாடத்தைத் திரும்பவும் படிக்க வேண்டியதுதான்.

மகளுடைய சிநேகிதிகளின் வாயெல்லாம் முத்துப்போல இருந்தது. அவள் முகம் நாளுக்கு நாள் வாடியது. எனக்கு நித்திரை போய்விட்டது. கடைசியில் நானே களத்தில் இறங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் தேநீர் தருவார்கள். அன்றிலிருந்து நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தேன். சிரிக்க வைப்பதற்காகப் பகிடி விட்டேன். சிலர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்ல முடியாது. அப்படித் தேடித்தான் டாக்ஸி ஓடும் ஒரு அண்ணையைக் கண்டுபிடித்தேன். பிளேன்ரீ, சிகரெட், இடையிடையே வெற்றிலை. அவரையும் மனைவியையும் ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, என்ர மகளின்ர எதிர்காலம் இப்ப உங்கட கையிலதான் இருக்கு."

அவர்களுக்குக் கலியாணம் ஆகாத ஒரு மகன் இருந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணைக்கு வாய் காதுவரை விரிந்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும் முழுதாகப் பார்த்தேன். அருமையான ஊத்தை.

விசயத்தைச் சொன்னதும் சிரிப்புக் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் நல்ல மனிதர். "படிக்கிற பிள்ளைக்கெண்டால் வாறன்" என்றார். அடுத்த வாரம் மகள் அவரைக் கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். ஆசிரியை அவருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு "மிக நல்லது" என்றாராம். அண்ணை அதை டாக்ஸிச் சங்கம் முழுவதும் சொல்லித் திரிந்தார். "கொலிஜ்ல என்ர பல்லைப் பாத்துப் பாராட்டினவை."

சோதனைக்கு முந்திய ஞாயிறு. அண்ணையின் மனைவி கோவில் வாசலில் என்னை மறித்தார்.

"தங்கச்சி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நேற்று இவரைப் புரோசார்ட்டில ஒரு பல் டொக்டரிட்டக் கொண்டுபோய்ப் பல்லெல்லாம் வடிவாக் கிளீன் பண்ணிப்போட்டன்."

எனக்குக் காது அடைத்தது. "ஏனக்கா?"

"இதென்ன கேள்வி? படிச்ச பிள்ளையள் பாக்கிற இடம். ஊத்தைப் பல்லோட அனுப்பினா ஆரைப் பேசுவினம்? என்னைத்தானே?"

அவருக்குப் பின்னால் அண்ணை நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். கண் கூசியது.

கோபப்படவும் முடியவில்லை. நானும் டொக்டரிடம் போகுமுன் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, நோயாளி இல்லாத மாதிரித்தானே போகிறவள்.

காரில் வரும்போது மகள் அழுதாள். வீட்டுக்கு வந்தும் சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திடீரென்று போனில் வெளிச்சத்தைப் போட்டு, "அம்மா, வாயைத் திறவுங்கோ" என்றாள்.

திறந்தேன். அவள் குனிந்து பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஊரெல்லாம் மாப்பிள்ளை தேடிவிட்டு, அடுத்த வீட்டில் ஒருவன் இருப்பதைக் கண்டவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து நான் பல் டொக்டரிடம் போனதே இல்லை. பிள்ளைகளின் பல்லுக்குக் கம்பி கட்டவே நேரம் சரியாக இருந்தது.

"கீழ்ப் பக்கம் மலைபோல இருக்கு," என்றாள் மகள் ஆசையோடு.

"நான் கன காலமாச் சொல்லுறன், ஆர் கேட்டது?" என்றார் என் கணவர், சோபாவில் இருந்தபடியே.

கோவில் முழுவதும் அடுத்தவர் பல்லை எடைபோட்டுத் திரிந்த எனக்கு அது நல்ல அடிதான். ஆனால் மகளுக்குப் பயன்படுகிறதே என்ற சந்தோசத்தில் வலிக்கவில்லை. அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "கனக்கத் தேய்க்கக் கூடாது." சோதனையன்று காலை பிரஷைக் கையில் பிடித்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மெட்ரோவில் இறங்கினால் நிலக்கீழ்ப் பாதை கல்லூரிக்குள்ளேயே கொண்டுபோய் விடும். நடைபாதை நெடுகப் பிள்ளைகள் லொக்கர்களில் சாய்ந்து, நிலத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். அவர்களைக் கடந்து கடந்து கிளினிக்குக்குப் போனேன். வரிசையாக நாற்காலிகள். நீலச் சட்டையும் மாஸ்க்கும் போட்ட ஒரு பெண் வந்து "போன்ஜூர், மடாம்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அது என் மகள். நோயாளியை அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.

கழுத்தில் கடதாசித் துவாயைக் கட்டிவிட்டு, மருந்து ஏதும் எடுக்கிறேனா என்று கேட்டாள். இரத்த அழுத்தத்துக்குக் குடும்ப டொக்டர் தந்த குளிசை ஒன்று இருந்தது. சில மாதம் போட்டேன். தலையிடி நின்றதும் நானும் நிறுத்திவிட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. "இல்லை" என்றேன். இப்போது எடுக்கவில்லைதானே, அது பொய்யாகுமா என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு கையில் பட்டியைச் சுற்றிக் காற்று அடித்தாள். எண் வந்தது. மாஸ்க்குக்கு மேலே அவளுடைய கண்கள் அசையாமல் நின்றன. மற்றக் கையிலும் பார்த்தாள். "கொஞ்சம் பேசாமல் இருங்கோ" என்றாள். நான் கண்ணை மூடிச் செபமாலை சொன்னேன். ஒரு கண்ணைத் திறந்தபோது அவள் சுவர் மணிக்கூட்டைப் பார்ப்பது தெரிந்தது. பக்கத்து நாற்காலிகளில் சுரண்டத் தொடங்கிவிட்டார்கள். திரும்பப் பார்த்தாள். இன்னும் ஏறியிருந்தது. அந்த எண்ணை இங்கே எழுதினால் லண்டனில் இருந்து என் அக்கா போன் எடுப்பா.

ஆசிரியை அறையின் மறு கோடியில் நின்றார். நான் மெதுவாகச் சொன்னேன். "பிள்ளை, மெஷின் பிழை. குறைச்சு எழுதிப்போட்டுச் செய்."

"அம்மா."

"எனக்கு ஒண்டும் செய்யாது. இண்டைக்கு விட்டா உனக்கு வேற நாள் இல்லை."

அவள் என் முகத்துக்குக் கிட்டக் குனிந்தாள். மடாம் எல்லாம் போய்விட்டது. "உங்களுக்குக் குளிசை தந்தவையோ?"

நான் கூரையைப் பார்த்தேன். "அதைப் பேந்து கதைப்பம்."

"எப்ப விட்டனீங்கள்?"

அவள் நிமிர்ந்து கையை உயர்த்தி ஆசிரியையைக் கூப்பிட்டாள். பிறகு நாற்காலியை நிமிர்த்தி, "எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போறம்" என்றாள்.

டாக்ஸியில் போகும்போதும் நான் வாய் ஓயவில்லை. திரும்பிப் போகலாம், ஆசிரியையிடம் நான் கதைக்கிறேன் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு இருந்தாள். அவசரப் பிரிவில் தாதி அழுத்தத்தை அளந்து பார்த்தார். உடனே உள்ளே வரச் சொன்னார். அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் பிடித்தது. மொன்றியலில் அவசரப் பிரிவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், காலையில் போனால் இரவுவரை கதிரையில் இருக்க வேண்டும். காக்க வைக்காமல் கூப்பிடுகிறார்கள் என்றால் நிலைமை சரியில்லை. கட்டிலில் படுத்த பிறகுதான், பல் கிளினிக்கின் கடதாசித் துவாய் இன்னும் என் கழுத்தில் தொங்குவதைக் கண்டேன். அதோடுதான் வரிசையெல்லாம் கடந்து வந்திருக்கிறேன்.

இன்னும் சில நாள் இப்படியே விட்டிருந்தால் மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலேயே மறித்து வைத்துப் பார்த்து, புதுக் குளிசைகள் தந்து அனுப்பினார்கள். மகள் சில நாள் என்னோடு கதைக்கவில்லை. குளிசையை மட்டும் தண்ணீரோடு கொண்டுவந்து முன்னால் வைப்பாள். விழுங்கும்வரை நிற்பாள்.

கல்லூரியில் அந்தத் தவணைக்கு வேறு நாள் கிடைக்கவில்லை. ஆசிரியை கவலைப்பட்டார், ஆனால் விதி விதிதான். மகள் அந்தப் பாடத்தை இலையுதிர்காலத்தில் திரும்பவும் படித்தாள். கோடையில் சிநேகிதிகள் பட்டம் வாங்கியபோது, அவர்களைப் படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த முறை யாரைக் கூட்டிப்போனாள் என்று நான் கேட்கவில்லை. இப்போது லாசாலில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. என் பல்லையும் அவள்தான் சுத்தம் செய்துவிட்டாள், சோதனைப் புள்ளி எதுவும் இல்லாமல்.

இன்றைக்கும் கையில் பட்டியைச் சுற்றிக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டால் என் நெஞ்சு ஒரு தரம் நின்று ஓடும். அவளுடைய ஒவ்வொரு சோதனைக்கும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் நான். இப்போது கோவிலுக்குப் போகும்போதெல்லாம், அவள் எனக்காகக் கோட்டைவிட்ட அந்த ஒரு சோதனைக்காகவும் ஒன்று கொளுத்திவிட்டு வருகிறேன்.