மலரக்காவைக் கேட்காமல் வந்த புதுப் பதிப்பு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு மலரக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“தம்பி, என்ட கொம்பியூட்டர ஆரோ மாத்திட்டானுகள். பெட்டி அதுதான். உள்ளுக்க இருக்கிறது என்டது இல்ல. கெதியா வாங்க!”

கடைக்குள் கள்ளன் புகுந்துவிட்டான் என்றே அவர் நினைத்திருந்தார். கள்ளன் யாரென்று எனக்குத் தெரியும். நான்தான்.

மலரக்கா மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். போட்டோகொப்பி, டைப்பிங், ஸ்கேன், ஒன்லைன் விண்ணப்பம். கணவர் இறந்தபிறகு அந்தக் கடைதான் சீவியம். இந்த வருடம் நேர் எதிரே இன்னொரு கடை வந்துவிட்டது. ஏ.சி. போட்ட கடை, இரண்டு புதுக் கொம்பியூட்டர். இருந்தாலும் சனம் மலரக்காவிடம்தான் வருகிறது. படிவத்தைக் கையில் வாங்கியதுமே, எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எதை விட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று சொல்லிவிடுவார். எதிர்க்கடை ஏ.சி.க்கு அது தெரியாது.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய கொம்பியூட்டர் வாரத்துக்கு ஒருமுறை படுத்துவிடும். ஊரிலுள்ள வைரஸ் எல்லாம் பென் டிரைவில் ஏறி அந்தக் கடையில்தான் வந்து இறங்கும். பார்த்துப் பார்த்து அலுத்து, “லினக்ஸ் போட்டுத் தாறன் அக்கா, ஒரு சதம் செலவில்ல” என்றேன். போட்டும் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு முறைப்பாடும் இல்லை.

என் பழைய வாசகர்களுக்கு லினக்ஸ் பற்றிய என் புராணம் அலுத்துப் போயிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டே வரி. லினக்ஸ் என்பது உள்ளே ஓடும் என்ஜின். திரையில் நாம் பார்க்கிற பட்டி, அழுத்தினால் வேலையைத் திறக்கிற சின்னப் படங்கள், ஜன்னல்கள் எல்லாம் டெஸ்க்டொப். என்ஜினைத் தொடாமல் டெஸ்க்டொப்பை மட்டும் மாற்றலாம். மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

போன மாதம் நான் பாவிக்கும் டெஸ்க்டொப்புக்குப் புதுப் பதிப்பு வந்தது. வந்த அன்றே இணையத்தில் கருத்துச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ‘ஆஹா, இப்போதுதான் நவீனம்’ என்று ஒருவர். ‘எல்லாவற்றையும் நாசமாக்கிவிட்டீர்கள், நான் போகிறேன்’ என்று ஒருவர். போகிறேன் என்றவர் போகவில்லை, ஏழு நாளும் அங்கேயே நின்று சண்டை பிடித்தார். ஜன்னலின் மூலை வளைந்திருக்க வேண்டுமா, கூராக இருக்க வேண்டுமா? இதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. நானும் விட்டேனா? எங்கள் வாட்ஸ்அப் குழுவில் — மட்டக்களப்பில் லினக்ஸ் பாவிக்கிறவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து ஒன்பது பேர் — ‘அருமை! வேகம்! ஐந்து நட்சத்திரம்!’ என்று எழுதினேன்.

இருபது வருடமாக இதே சண்டை. பதிப்பு இலக்கம் மட்டும் மாறுகிறது. எனக்கே களைத்துவிட்டது... ஆனாலும் புதுசு என்றால் கை சும்மா இருக்கிறதா?

அந்தக் கைதான் போன ஞாயிறு மலரக்காவின் கடைக்குள் போனது. அவர் வவுணதீவில் ஒரு சாமத்தியச் சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். வந்து பார்த்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். அவசரத்துக்கென்று அவர் என்னிடம் தந்துவைத்திருந்த திறப்பால் கடைப் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். அவருடைய கோப்புகளைப் பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, புதுப் பதிப்பைப் போட்டேன். கீழே இடதுபக்கம் வரிசையாக இருந்த படங்கள் நடுவுக்கு வந்தன. பளபளவென்று இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். மொனிட்டரின் கீழ் விளிம்பில் யாரோ பிள்ளைகள் ஒட்டுப் பொட்டுகளை ஒட்டி விளையாடியிருந்தார்கள். அதையும் நகத்தால் சுரண்டி, சீலையால் துடைத்து, பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

திங்கள் போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. செவ்வாய் காலை போன். கள்ளன் நான்தான் என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாலத்தைக் கடந்து நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை. கடையில் ஒரு தாய் நின்றிருந்தார். வவுணதீவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர். மகளின் தாதியர் பயிற்சி விண்ணப்பம், அன்றுதான் கடைசி நாள். பதிவுத் தபாலில் போட வேண்டும். சான்றிதழ்களை ஸ்கேன் பண்ண வேண்டும், ஒரு கடிதம் டைப் பண்ண வேண்டும். மலரக்காவுக்கு இது பத்து நிமிட வேலை. அன்றைக்கு ஒரு மணித்தியாலம் போய்விட்டது, ஒரு எழுத்தும் விழவில்லை. அவருடைய கை மவுஸைப் பிடித்தபடி திரையின் கீழே இடதுபக்கம் போகிறது, அங்கே ஒன்றுமில்லை, திரும்பி வருகிறது. மறுபடி போகிறது. நெற்றியெல்லாம் வியர்வை. ஏற்கனவே இரண்டு பேர் எழும்பி எதிர்க்கடைக்குப் போய்விட்டார்களாம்.

“கொஞ்சம் தள்ளுங்க அக்கா” என்று நான் கதிரையில் உட்கார்ந்தேன். ஸ்கேன், கடிதம், பிரிண்ட். பன்னிரண்டு நிமிடம். கெட்டிக்காரன்தான்.

அந்தத் தாய் கடதாசிகளைக் கவருக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“நல்லா இருப்பீங்க சேர். இனி நீங்க இருக்கிற நேரமாப் பாத்து வாறம்.”

எனக்கு முகம் செத்துப்போனது. மலரக்கா தன்னுடைய கடையில், தன்னுடைய கதிரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்று வருடமாகச் சனம் தேடி வருவது அவரை. ஒரு காலையில் அதை நான் என் பக்கம் எடுத்துக்கொண்டேன். நான் நாளைக்கு வரமாட்டேன். எதிர்க்கடை நாளைக்கும் திறந்திருக்கும்.

அந்தத் தாய் போனதும் மலரக்கா கேட்டார்.

“தம்பி, இதில ஒட்டியிருந்த பொட்டெல்லாம் எங்க?”

“அது... பிள்ளைகள் ஒட்டி விளையாடினதாக்கும் எண்டு சுரண்டிட்டன் அக்கா.”

“நான்தான் ஒட்டின.”

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார், விரலை வெறும் விளிம்பில் வைத்து. சிவப்புப் பொட்டு கடிதத்துக்கு. பச்சை ஸ்கேனுக்கு. கறுப்பு இன்ரநெற்றுக்கு. சந்தனக் கலர், போட்டோ வெட்ட. கடைசியில் பெரிய மெரூன் பொட்டு ஒன்று.

“அது எதுக்கு அக்கா?”

“அதுக்கு மேல இருக்கிறத செத்தாலும் தொடப்படா எண்டு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீங்க அண்டைக்குச் சொல்லித்தந்திட்டுப் போனீங்க தம்பி. எல்லாம் இங்கிலீசு. எனக்கு ஞாபகம் நிக்கல்ல. திருப்பித் திருப்பி உங்களக் கூப்பிட வெக்கமாயிருந்திச்சி. மறுகா நானே ஒரு வழி செஞ்சன். இனி இதெல்லாம் புதுசாப் படிக்கணுமா? எத்தின தரம் தம்பி படிக்கிற? படிச்சு முடிக்கக்குள்ள அடுத்தத மாத்துவானுகள்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருடமாக டெஸ்க்டொப் பற்றி எழுதுகிறேன், சண்டை பிடிக்கிறேன். எனக்குத் தெரிந்தவர்களில் உண்மையாகவே தன் தேவைக்கு ஒரு டெஸ்க்டொப்பை வடிவமைத்தவர் மலரக்கா ஒருவர்தான். அதை நான் குப்பை என்று நினைத்துச் சுரண்டிப் போட்டேன். மூன்று வருடமும் அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நின்றேனா?

பட்டியைப் பழையபடி இடதுபக்கம் கொண்டுவரப் பார்த்தேன். வந்தது. ஆனால் ஒரு ஜன்னலைத் திறந்தவுடன் படங்கள் தாமாக நகர்ந்து இடம் மாறின. புதுப் பதிப்பின் பெருமையே அதுதானாம், நானே புகழ்ந்து எழுதியது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் அழித்துப் பழைய பதிப்பையே திரும்பப் போட்டேன். பின்னேரம் மூன்று மணியாயிற்று. அதுவரை வந்தவர்களுக்குப் போட்டோகொப்பி மட்டும்தான். மற்றவர்கள் எதிரே போனார்கள். அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்களோ.

இந்தப் பழைய பதிப்பையும் எத்தனை நாள் வைத்திருக்கலாம்? இன்னும் ஒரு வருடத்தில் இதற்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதையும் சொன்னேன்.

“அப்ப அடுத்த வருசம் பாப்பம்” என்றார். “அப்ப சொல்லுங்க. ஒரு கிழமைக்கு முன்னுக்குச் சொல்லுங்க. நான் இருக்கக்குள்ள வாங்க.”

பக்கத்துக் கடையில் புதுப் பொட்டு மட்டையொன்று வாங்கி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக ஒட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒட்டி முடித்து ஒரு கடிதத்தைத் திறந்தார், கை தடுமாறவில்லை. எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி கூடப் போட்டிருந்தார்.

“கோவமா அக்கா?”

“சீச்சீ, என்ன கோவம். நீங்க இல்லாட்டி நான் எங்க தம்பி போற?”

நிம்மதியாக எழும்பினேன். படியில் இறங்கும்போது பின்னால் கூப்பிட்டார்.

“தம்பி... கடைத் திறப்பு ஒண்டு உங்கட்ட இருக்கெலுவா? அதத் தந்திட்டுப் போங்க.”

ஒரு மாதமாக நூற்றுக்கணக்கான பயனர் கருத்துகளை வாசித்தேன். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதவில்லை.