லூர்து டீச்சரின் வயலும் இரண்டு உரங்களும்

லூர்து மேரி டீச்சர் யூரியாவைத் தொட்டதே இல்லை என்று அடக்கத்தன்று மாதா கோயில் முற்றத்தில் பலரும் பேசினார்கள். அது பிழை. அவர் என் கணவரின் தங்கை. கொடகவெல வயலில் அவரோடு சேற்றில் நின்றவள் நான். அவர் சாணியும் போட்டார், யூரியாவும் போட்டார். அவருடைய வெற்றியே அதுதான்.

செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. தொலைபேசியில் அவருடைய மகள் ஸ்டெல்லா, "அத்தை, அம்மா போயிட்டாங்க. கடைசியா, வயலுக்குத் தண்ணி கட்டியாச்சான்னுதான் கேட்டாங்க" என்றாள். வேறு எதைக் கேட்பார் அவர்!

றக்வானயில் தோட்டப் பாடசாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற கையோடு, பியதாச மாத்தயா என்ற சிங்கள ஐயாவின் வயலைப் பாதி விளைச்சலுக்குப் பேசி எடுத்தார். வேலைக்கு வந்தவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். தேயிலைக்குப் போடுகிற வழக்கப்படியே ஒவ்வொரு நாற்றின் அடியிலும் யூரியாவைத் தாராளமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். மாத்தயா வரப்பில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டார். "டீச்சர், மே தே கஸ் நெவெயி! இது தேயிலை இல்ல!" பயிர் ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் கருகருவென்று வளர்ந்து மழையில் படுத்துவிட்டது.

அடுத்த போகத்தில் கோபத்தோடு யூரியாவை நிறுத்திவிட்டு, மாட்டுப்பட்டிச் சாணியை மட்டும் போட்டார். பயிர் மஞ்சளாய் மெலிந்து நின்றது.

"இன்னொரு போகமும் இப்படின்னா, வயலை வேற ஆளுக்குக் குடுக்கிறது" என்றார் மாத்தயா.

டீச்சர் அசரவில்லை. என்னிடம் வந்து, "மதினி, சாணி சோறு மாதிரி, யூரியா பிளேன்டீ மாதிரி. வெறும் டீயக் குடிச்சிட்டு மலை ஏறுவீங்களா? சோத்த மட்டும் தின்னுட்டுத் தூங்காம இருப்பீங்களா?" என்றார். மக்கிய சாணியையும் கிளிசரிடியாத் தழையையும் உழவோடு சேற்றில் மிதித்தோம். யூரியாவைப் பாதியாகக் குறைத்து, நாற்று வேர் பிடித்ததும் ஒரு தடவை, கதிர் உருவாகும் முன் ஒரு தடவை தூவினோம்.

என்ன பயிர் அது! பெரிய காற்று அடித்த மறுநாள் மூச்சிரைக்க ஓடினோம். ஒரு தாள்கூடச் சாயவில்லை! மாத்தயா ஒரு கதிரைக் கையில் ஏந்தி, "ஷோக் டீச்சர், ஷோக்! அருமை!" என்றார்.

"இப்ப வேற ஆளக் கூட்டிட்டு வாங்க மாத்தயா, வேடிக்கை பாக்க!" என்றார் டீச்சர். மாத்தயா வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தார். அதன்பின் அந்த வயல் டீச்சரின் கையை விட்டுப் போகவே இல்லை.

நேற்று அங்கே போனேன். நட்ட நாற்று வேர் பிடித்து நிமிர்ந்திருந்தது. யூரியா மூட்டையோ கட்டு அவிழாமல் கிடந்தது. "எல்லாரும் சொல்றாங்களே அத்தை, அம்மா இதப் போட்டதே இல்லன்னு" என்றாள் ஸ்டெல்லா. அவள் இந்தப் போகத்தில் தோற்றால் வயல் போய்விடும். மூட்டையை நானே அவிழ்த்தேன். இருவரும் சேர்ந்து தூவினோம்.

நிம்மதியாய் உறங்குங்கள், லூர்து. உங்கள் பயிர் பச்சையாய் நிற்கிறது.

இதை வாசிக்கும் எங்கள் கோயில் பங்குச் சபைச் செயலாளர் அவர்களே, நீங்கள் வயலோரம் நடவிருக்கும் நினைவுப் பலகையில் "யூரியா தொடாத கை" என்று எழுதப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்த வரியை நீக்குவீர்களா என்று எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.