ஒரு முழ இடைவெளி

புது நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் பள்ளிக்கூடம் எங்கே, ரயில் நிலையம் எவ்வளவு தூரம், மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா என்றெல்லாம் விசாரிப்பார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் வீடு தேடிய நானும் என் மனைவியும் கவலைப்பட்டது வேறொன்றைப் பற்றி. அந்தத் தெருக்காரர்கள் எத்தனையாவது நிமிடத்தில் எங்களை விசாரிப்பார்கள்?

நான் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் ஊர்த் தெருக்காரன். அவள் அதே கிராமத்தின் காலனிக்காரி. நடுவில் ஒரு சின்ன ஓடைதான். அதைத் தாண்ட நாங்கள் அறுநூறு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியிருந்தது. பதிவுத் திருமணம் முடிந்த கையோடு ரயிலேறினோம். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜெண்டு ஒருவரின் அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

சென்னையில் யாரும் சாதி கேட்க மாட்டார்கள் என்று நான் புத்தகங்களில் படித்திருந்தேன். படித்தது சரிதான், யாரும் கேட்கவில்லை. கண்டுபிடித்தார்கள். நகரத்தின் தென்பகுதியில் ஒரு வீட்டுக்காரர் சொந்த ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார், குலதெய்வம் என்ன என்று கேட்டார். கடைசியில் முதுகில் அன்பாகத் தட்டிக்கொடுத்தபோது அவருடைய விரல்கள் சட்டைக்குள் எதையோ தேடியது போலிருந்தது. கிடைக்கவில்லை. வீட்டை மகனுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். இன்னொரு வீட்டில் அந்த அம்மாள் என்னிடம் பேசிக்கொண்டே, என் மனைவியின் நிறத்தை ஜவுளிக்கடையில் சேலைக்கரை பார்ப்பதுபோல் பார்த்தாள். இன்னும் பல இடங்களில் ஒரே கேள்விதான்: "நீங்க வெஜ்ஜா?" அந்தக் கேள்விக்குள் மற்ற எல்லாக் கேள்விகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

இந்த அனுபவங்களிலிருந்து நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அடுத்த வீட்டில் யாரும் கேட்பதற்கு முன்பே 'நாங்கள் சைவம்' என்று சொல்லிவிடுவது. மற்றபடி ஊர், தெரு, சாமி எல்லாவற்றுக்கும் பதில்கள் தயாரித்து அவளுக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தேன். அவள் பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். "நீங்களே பேசிக்கிடுங்க. நான் ஊமைன்னு சொல்லிருங்க" என்றாள்.

அடுத்த வீடு ராயபுரத்தில் வாய்த்தது. அலுவலகத்தில் ஒருவர் சொல்லி அனுப்பினார், இன்னொருவர் "அங்கயா? கத்தி வெச்சிருப்பானுங்க சார்" என்று வழியனுப்பினார். துறைமுகத்துக்குப் பக்கம், மீன்பிடித் துறைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரே சுவருக்குள் நான்கு போர்ஷன்கள். வீட்டுக்கார அம்மாள் கத்தோலிக்கர். அவருடைய கணவர் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். வீட்டில் பேசும் வேலையை முழுவதுமாக மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர். கீழ்ப் போர்ஷனில் உருது பேசும் குடும்பம். எதிர்ப் போர்ஷனில் பர்மாவிலிருந்து வந்து சாயங்காலத்தில் வண்டி போட்டு அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கிறவர். தெருமுனையில் தெலுங்கு. ஒரு வாக்கியம் தெருவின் இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடிக்குப் போவதற்குள் மூன்று மொழிகளில் கை நனைத்துவிடும்.

வீட்டுக்கார அம்மாள் வாசலில் வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தேர்வுக்கு வந்தவன் போல நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலேயே கேட்டார்.

"கொடம் எத்தினி கீது?"

நான் இந்தக் கேள்வியைத் தயாரித்திருக்கவில்லை. "ரெண்டு" என்றேன்.

"ரெண்டா? ரெண்டு கொடத்த வெச்சினு மெட்ராஸ்ல குடித்தனம் பண்ண வந்துட்டியா நைனா? லாரி ரெண்டு நாளைக்கு ஒருவாட்டிதான் வரும். யாரு எறங்குவீங்க, நீயா அந்தப் பொண்ணா?"

"நான்தான்" என்றாள் ஊமை.

"குடிப்பானா?"

"இல்ல."

"அடிப்பானா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதுக்கெல்லாம் தெம்பு கெடையாதுக்கா" என்றாள். அந்த அம்மாள் சிரித்தார். சாவியை எடுக்க எழுந்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஊர் இல்லை, தெரு இல்லை, குலதெய்வம் இல்லை. நான் நம்ப முடியாமல் நின்றேன். கேட்கப்படாத கேள்வியைத் தாங்கிக்கொள்ள முடியாமல், வாய்ப்பை நழுவவிடக் கூடாதே என்று, "நாங்க சைவம்" என்று நானாகச் சொன்னேன்.

கையில் செதிலோடு அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "இன்னாத்துக்கு? ஒடம்புக்கு எதுனா கீதா?" என்றார்.

அப்படியாகக் குடியேறினோம். மாடிப் போர்ஷன் எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்தின் பளுதூக்கிகள் தெரியும்; கப்பலின் சங்கு ஊதினால் அலமாரியில் தம்ளர்கள் பதில் சொல்லும்.

அடுத்த நாள் காலையில் தண்ணீர் லாரி வந்தது. அதற்குள் தெருவில் குடங்கள் வந்து வரிசை கட்டிவிட்டன: ஆரஞ்சு, பச்சை, நீலம், அங்கங்கே எவர்சில்வர். மாடியிலிருந்து பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு குடமும் அடுத்த குடத்தின் இடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது. எந்தக் குடம் எந்த வீட்டுடையது என்று பிரிப்பதே கஷ்டம். காரணம் பிறகு புரிந்தது. லாரிக்காரன் வால்வைத் திறந்துவிட்டால் இடையில் மூட மாட்டான். டியூபைப் பிடித்திருப்பவர் ஒரு குடம் நிறைந்ததும் அடுத்த குடத்துக்கு வாயோடு வாயாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இடைவெளி இருந்தால் தண்ணீர் ரோட்டில் போகும். அந்தத் தெருவில் அது மன்னிக்கத்தக்க குற்றம் அல்ல. டியூப் யார் கையில் இருக்கிறதோ அவர் வரிசை முழுவதுக்கும் ஊற்றுவார். தன் குடம், அயலார் குடம் என்ற பேச்சே கிடையாது.

எங்கள் ஊரில் தண்ணீருக்கு எவ்வளவு சட்டதிட்டங்கள் இருந்தன என்று தெரிந்தவனுக்கு அது சாதாரணக் காட்சி அல்ல. பல் துலக்குவதை நிறுத்திவிட்டு, வாயில் நுரையோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

டியூப் அன்றைக்கு வீட்டுக்கார அம்மாள் கையில். வரிசையின் கடைசிக்கு வந்தவர், அடுத்து நகர்த்தினார். அங்கே குடம் இல்லை. தண்ணீர் சளசளவென்று ரோட்டில் கொட்டியது. ஒரு முழம் தள்ளித்தான் என் மனைவியின் இரண்டு குடங்களும் நின்றன. அவள் அவற்றுக்கும் பின்னால், கையைக் கட்டிக்கொண்டு.

"யார் கொடம் இது?"

"எங்களதுக்கா."

"கொடத்தோட கொடம் முட்டினு இருக்கணும்னு தெரியாதா? தண்ணி ரோட்டுல போவுது பார்!"

என் மனைவி அசையவில்லை. கீழ்ப் போர்ஷன் உருதுக்கார அம்மாள் சொன்னார்: "அவுங்க சைவம்ல. நம்ம கொடம் பட்டா ஆவாதா இருக்கும்."

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கார அம்மாளின் முகம் மாறியது.

"அப்டியா சேதி? மீன் கொடம், கறிக் கொடம் மேல பட்டா உன் தண்ணி தீட்டாய்டுமா? இந்தத் தீட்டு கீட்டெல்லாம் என்னாண்ட வெச்சிக்காத. இந்தத் தெருவுல பாப்பாத்தி மாரி நிக்கறதா இருந்தா இன்னிக்கே சட்டி பொட்டியக் கட்டிக்கினு கெளம்பு. உன் வாடக எனுக்கு மயிரு மாதிரி!"

நான் படிகளில் இறங்கி ஓடினேன். வாய் நிறையப் பற்பசை. எங்களைத் தாழ்த்திப் பேசினால் சொல்வதற்கு என்னிடம் பதில்கள் இருந்தன, இதற்கு இல்லை. மேல்சாதித் திமிர் என்று என்னைச் சொல்லியிருந்தாலாவது அதில் பரம்பரை நியாயம் உண்டு. அவளையா? பேச வாயைத் திறந்தேன். நுரைதான் வந்தது. பின்னாளில் யோசித்தால், என் வாழ்க்கையில் நான் சரியான நேரத்தில் பேசாமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

அவள் பேசினாள். குரல் உயரவில்லை.

"அப்படி இல்லக்கா. எங்க ஊர்ல எங்க கொடம் மத்தவங்க கொடத்துல முட்டிரப்படாது. முட்டிட்டா அவங்க தண்ணியக் கீழ கொட்டிருவாங்க. எங்கம்மா தள்ளித்தான் வைக்கும். நானும் தள்ளித்தான் வச்சுப் பழகியிருக்கேன். கை தானா அங்க கொண்டு வச்சிட்டு."

வீட்டுக்கார அம்மாள் டியூபைப் பிடித்தபடியே நின்றார். அதிலிருந்து தண்ணீர் ரோட்டில் கொட்டிக்கொண்டேயிருந்தது. இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும் தண்ணீர், கொஞ்ச நேரம் முன்பு ஒரு முழத்துக்காகச் சண்டை போட்ட தண்ணீர், வாய்க்காலாக ஓடி லாரிச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அத்தனை பெண்களில் ஒருத்திகூட 'தண்ணி போவுது' என்று கத்தவில்லை. ராயபுரத்தில் அதைவிடப் பெரிய மரியாதையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பிறகு அந்த அம்மாள் எங்கள் ஊரைத் திட்ட ஆரம்பித்தார். ஊரை, ஊரின் கிணற்றை, கிணற்றை வெட்டியவனை, அவனைப் பெற்றவளை. நான் நிறையப் படித்தவன் என்று நினைத்துக்கொண்டிருப்பவன். அந்த வசவுகளில் பாதி எந்த அகராதியிலும் கிடையாது. என் சொந்த ஊர் அவ்வளவு விரிவாகத் திட்டப்படுவதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கண் கலங்கியது. பற்பசையின் காரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திட்டி முடித்தவர் காலால் என் மனைவியின் ஆரஞ்சுக் குடத்தை ஒரு தள்ளு தள்ளினார். அது போய்ப் பச்சைக் குடத்தின் இடுப்பில் 'டொக்' என்று முட்டி நின்றது. டியூபை அதில் விட்டார்.

"அவ்ளோ தள்ளி வெச்சா எவளாச்சும் தூக்கினு பூடுவா. ஒட்டி வை."

"வீட்டக் காலி பண்ணணுமாக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எந்த வூட்ட? பேஜார் பண்ணாத, தண்ணிய ஊத்திட்டுக் கொடத்த எட்தா." பிறகு என் பக்கம் திரும்பினார். "யோவ் சைவம்! பொய்யா சொன்ன? வாயக் கொப்ளிச்சினு வந்து தூக்குயா. அந்தப் பொண்ணு ஒண்டியா தூக்குது, பாத்துக்கினு நிக்கற."

அன்று மதியம் உருதுக்கார அம்மாள் ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்து வைத்தார். மன்னிப்பு என்ற சொல்லெல்லாம் இல்லை. "கிண்ணத்தைக் கழுவாம குடுக்கக் கூடாது, ஆமா" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

இதை வைத்து ராயபுரத்தில் சாதியே இல்லை என்று எழுதிவிட ஆசைதான். அப்படி எழுதினால் அந்தத் தெருக்காரர்களே சிரிப்பார்கள். கல்யாணப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் எல்லாம் ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக்கார அம்மாளும் தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடியபோது ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் யார் எந்த வரிசை என்று நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். எங்களைப் பற்றித் தெரிந்த பிறகு தெருமுனையில் ஒரு வீட்டில் பேச்சு கொஞ்சம் குறைந்தது. அவர்கள் முகம் இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் லாரி வந்தால் அவர்கள் குடமும் வரிசையில் முட்டிக்கொண்டுதான் நின்றது. வேறு வழியில்லாததால்தான் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எங்கள் ஊரில் வேறு வழி இல்லாதபோதும் தண்ணீரைக் கீழே கொட்டினார்கள்.

என் மனைவிக்குக் கை பழக நாளாயிற்று. முதலில் குடத்தை ஒட்டி வைப்பாள். வைத்துவிட்டு, தெரியாமல் செய்வது போல விரற்கடை அளவு பின்னால் இழுப்பாள். யாராவது ஒருத்தி, பேச்சை நிறுத்தாமலே, முழங்காலால் அதை முன்னால் தள்ளுவாள். பிறகு ஒருநாள் அவள் இழுக்கவில்லை.

கோடை உச்சத்தில் லாரி வராமல் போய், ஒருநாள் காலையில் திடீரென்று வந்தது. கீழே சத்தம். சண்டை என்றால் அந்தத் தெருவில் ஜன்னலுக்குப் போவது வழக்கம், போனேன். பழக்கப்பட்ட குரல், பழக்கமில்லாத உயரத்தில்.

"என் கொடத்த எவ பின்னால நவுத்துனது? நான் முன்னாலயே வந்து வச்சிட்டுப் போயிருக்கேன், கண்ணு அவிஞ்சா போச்சு?"

"இன்னாடி, நேத்து வந்துட்டு இன்னிக்கு எனுக்கே ரூல்ஸ் பேசற?" இது வீட்டுக்கார அம்மாள். "அத்து என் எடம்!"

"எடத்துல பேரா எழுதி வச்சிருக்கு? வீடு உங்களது, ரோடு உங்களதா? கொடத்த எடுங்கக்கா, இல்ல நான் எடுப்பேன்!"

"எடுடி பாக்கலாம்!"

எடுத்தாள். வீட்டுக்கார அம்மாளின் பச்சைக் குடத்தைக் காதைப் பிடிப்பதுபோல் வாயைப் பிடித்துத் தூக்கிப் பின்னால் வைத்து, அந்த இடத்தில் தன்னுடையதை 'டொக்' என்று வைத்தாள். வரிசை ஓவென்று கத்தியது. அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து அவளுடைய ஊரையும் வளர்ப்பையும் வாயையும் திட்டினார். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள், பாதி திருநெல்வேலியிலும் பாதி ராயபுரத்திலும். வீட்டைக் காலி பண்ணு என்ற பேச்சு மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

கையேந்தி நின்று, யாராவது தூர இருந்து ஊற்றினால் வாங்கிப் பழகிய தாயின் மகள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கடலை முதன்முதலாகப் பார்த்தவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிறைகுடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். முகமெல்லாம் வேர்வை. புடவையின் பாதி நனைந்திருந்தது.

"என்ன பாக்கிய? இன்னொரு கொடம் கீழ கெடக்கு. அந்தம்மா கண்ணுல படாமப் போய்த் தூக்கிட்டு வாங்க."

நான் இறங்கிப் போனேன்.