ஏழாம் வளைவில் பூசணிக்காய்

பொகவந்தலாவைப் பக்கம் ஊசிக்கல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் அன்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஃபெக்டரியிலிருந்து மேற்பிரிவு வரை ஒரு மைல் ஏற்றம், ஒன்பது வளைவு. அந்தப் பாதையில் அவர் ஏறாத நாளில்லை. ஆனாலும் மனிதருக்கு ஒரே ஒரு குறை: தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, கடிகாரம் பிடித்து, ஒரு தடவையாவது அந்த ஏற்றத்தில் யாரும் தன்னை ஏற விடவில்லையே என்று.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அது சும்மா ஏற்றமில்லை. வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் தொடங்கிய மலையேற்றப் பந்தயம் வருடா வருடம் சித்திரையில் அங்கேதான் நடந்தது. கொழும்பிலிருந்து கார்களும் மோட்டார் சைக்கிள்களும் வரும். அன்றைக்கு அரைநாள்தான் வேலை. லயத்து வரிசை வீட்டுச் சனமெல்லாம் தேயிலை மலையில் குந்தியிருந்து பார்க்கும். ஓட்டுகிறவர்கள் துரைமார், கைதட்டுகிறது நம் சனம். 1989இல்தான் முதன்முதலாக ஒரு லயத்துப் பிள்ளையின் பெயரையும் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் இருபத்திரண்டு வயது அன்டன். நான்கு நாள் இருக்கும்போது நாட்டுக் குழப்பத்தில் பந்தயம் நின்றது. நின்றது நின்றதுதான்.

அதற்காக அவர் தாடி வளர்த்துக்கொண்டு திரியவில்லை. ஷிராணியைக் கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், லயத்துக்குப் பின்னால் கரட்டும் லீக்ஸும் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஊரே கேட்கப் பாடுவார். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளை மட்டும் விற்கவில்லை. சனிக்கிழமை தோறும் துடைத்து வைப்பார்.

"ஒங்களுக்கு நான் பொண்டாட்டியா, அதுவா?" என்று ஷிராணி கேட்பார்.

போன பங்குனியில் செய்தி வந்தது. பந்தயத்தை மறுபடி நடத்த ஒரு மோட்டார் கழகம் ஆசைப்படுகிறதாம். பாதைப் பொறியியலாளர் சிவரூபன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நடக்கும், இல்லையென்றால் இல்லை. உடனே பெயர் கொடுத்துவிட்ட அன்டனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பொறியியலாளர் வருகிற நாள் காலையில் அன்டன் ஒரு காரியம் செய்தார். ஏழாம் வளைவில் முனியாண்டி கல் இருக்கிறது. தோட்டத்துக்குப் புது வண்டி வந்தாலும், நல்ல காரியம் தொடங்கினாலும், அங்கே திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். இதில் வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமெல்லாம் கிடையாது. குங்குமம் தடவிய பெரிய சாம்பல் பூசணியை அன்டன் நடுப்பாதையில் ஓங்கி உடைத்துவிட்டு வந்தார். முனகிக்கொண்டு ஏறும் கொழுந்து லொறிக்குப் பூசணிக்காய் ஒரு பொருட்டா? லொறிக்காரர் புத்தி லொறி வேகத்தில்தானே ஓடும்!

பத்து மணிக்கு, கழகத்துப் பெண் தனுஷிகா பாதையைச் சோதிக்கக் காரில் சீறிக்கொண்டு ஏறினாள். ஏழாம் வளைவில் கார் ஒரு சுற்றுச் சுற்றிப் பாதையோர வடிகானுக்குள் இறங்கிவிட்டது. நல்ல வேளை, அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.

யாழ்ப்பாணத்துக்காரரான சிவரூபன் ஓடிவந்தார். பாதையைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இதை ஆர் உடைச்சது?"

எல்லாருக்கும் தெரியும். ஆனால் அன்டனை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

"ஒருத்தரும் சொல்ல மாட்டியளோ? பந்தய நாளிலையும் இப்பிடித்தான் செய்வியள். நான் கையெழுத்து வைக்கேலாது." கையிலிருந்த அனுமதிக் கோப்பை மூடினார்.

ஷிராணி புருஷனின் விலாவில் இடித்தார். "ஏங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என் பேர வெட்டிருவாங்க, புள்ள."

"சொல்லாட்டி பந்தயமே இல்லையே!"

அன்டன் முன்னே போனார்.

"சேர், நான்தாங்க ஒடச்சேன். நல்லது நடக்கணும்னு செஞ்சது கெட்டதாப் போச்சு. ரோட்டு மேல குத்தமில்லைங்க. வேணும்னா என்னைய சேத்துக்காதீங்க. பந்தயத்த நிப்பாட்டிறாதீங்க."

சிவரூபன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கழுத்திலை சிலுவை, கையிலை பூசணிக்காயோ?"

"ரெண்டு பக்கமும் சொல்லி வச்சா நல்லதுதானேங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிவரூபனாலும் அடக்க முடியவில்லை.

"சரி. பாதையை வடிவாக் கழுவுங்கோ. ஆனா ஆராவது வேகமா ஏறிக் காட்டாமல் நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

பெண்கள் மலை ஊற்றுப் பீலியிலிருந்து வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கடத்தினார்கள். அன்டன் முழங்காலில் நின்று சாக்கால் தேய்த்தார். மத்தியான வெயிலில் பாதை காய்ந்தது. தனுஷிகாவின் காரோ இன்னும் கானுக்குள் கிடந்தது.

"இந்த அண்ணனே ஏறட்டுங்க சேர்," என்றாள் தனுஷிகா. "நான் கீழ நின்னு பொறப்படுற நேரத்த போன்ல சொல்றேன். நீங்க மேல நேரம் பாருங்க."

அன்டன் ஹொண்டாவைக் கொண்டுவரப் போன ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், ஐம்பத்தெட்டு வயது என்று யாரும் நம்ப மாட்டார்கள். தனுஷிகா உரக்கக் கூப்பிட்டாள்: "அன்டன், ஊசிக்கல் தோட்டம்!" கொடி விழுந்தது. மலை முழுக்க ஒரே விசில். ஏழாம் வளைவில் அவர் முனியாண்டியையும் பார்க்கவில்லை, மாதாவையும் கூப்பிடவில்லை. அதற்கெல்லாம் நேரமெங்கே!

மேலே அவர் வந்து நின்றதும் சிவரூபன் கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஒரே ஒரு வரி எழுதினார். எழுதியதை வாசித்தார்.

"அன்டன், ஊசிக்கல் தோட்டம். ரெண்டு நிமிசம் நாப்பத்தொரு செக்கன்."

அது ஒன்றும் பெரிய நேரமில்லை. அந்தக் காலத்துத் துரைமார் இரண்டு நிமிடத்துக்குள் ஏறியிருக்கிறார்கள். அன்டன் தலைக்கவசத்தைக் கழற்றினார். கண் நிறைந்திருந்தது.

"சேர், இன்னொருக்கா வாசிங்க," என்றார். "பேரோட."