பாட்டை நிறுத்தினால் சாமி போய்விடும்

காவடிப் பாட்டுக்காரனுக்கு வேலை ஒன்றுதான்: காவடி எடுப்பவர் மேல் சாமி வரும்வரை பாட வேண்டும், வந்த பிறகும் நிறுத்தாமல் பாட வேண்டும். திருத்தணிக் குளக்கரையில் பம்பைக்காரர்களோடு நின்று இதைத்தான் செய்கிறேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டுப் பட்டினியாகப் படுக்கும் சமையல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் என் பாடு புரியும்.

அவசரக்காரர்

சென்னையிலிருந்து ஒரு குடும்பம். மகனுக்கு வேண்டுதல் காவடி. நான் எப்போதும் மெதுவாகத்தான் தொடங்குவேன். எடுத்த எடுப்பிலேயே வேகம் காட்டினால் ஆள் மிரளுவானே தவிர சாமி வராது. பையனின் அப்பாவோ செல்போனில் மணி பார்த்தபடியே இருந்தார். கடைசியில் என் காதருகே வந்து சொன்னார்: "அண்ணே, சீக்கிரம் வர்ற பாட்டா பாடுங்க. ட்ரெயின் பூடும்."

கேட்கக் கூடாதவன்

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. பிழைப்பாளா என்று சாமியிடம் கேட்கலாம் என்றால், பாடுகிறவனுக்கு வாய் ஓய்ந்தால்தானே? ஒரு நாள் ஆர்.கே.பேட்டைத் தறிக்காரர் வீட்டு அம்மாவுக்குச் சாமி நன்றாக இறங்கியிருந்தது. சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கல்யாணம், வேலை என்று வாக்கு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டை நிறுத்திவிட்டு, "முருகா, என் பொண்டாட்டி பொழைப்பாளா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாமி மலையேறிவிட்டது. அவருடைய வீட்டுக்காரர் என்மேல் பாய்ந்தார்: "பாடத்தான உன்ன இட்டாந்தோம்? உன் கதய கேக்கவா?"

என் காவடி

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நானே காவடி எடுத்தேன். சாமி வந்ததும் கேள்வி கேட்க என் மச்சான் தயாராகப் பக்கத்தில் நின்றான். எங்கள் கோஷ்டியே பாடியது. கண்ணை மூடினேன். இரண்டாவது அடியிலேயே பாட்டில் சுருதி இறங்கியது, பம்பை முந்தியது. இங்கே இழுக்க வேண்டும், இங்கே ஏற்ற வேண்டும் என்று மனசு அது பாட்டுக்கு வேலை பார்த்தது. அவளை நினைத்து வாய்விட்டு அழுதேன். அழும்போதும் தாளம் தப்புவதுதான் காதில் விழுந்தது. சாமி வரவேயில்லை. கை ஓய்ந்துபோன பம்பைக்காரப் பையன் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இன்னா நைனா, சாமிய கூப்ட்டுகினு கீறியா, எங்களுக்கு மார்க் போட்டுகினு கீறியா?"

வீட்டுக்குப் போய் அவளிடம் 'சாமி நல்ல வார்த்தை சொல்லிடுச்சு' என்று சொல்வதற்கு மட்டும் எனக்குப் பாட்டும் வேண்டியிருக்கவில்லை, பம்பையும் வேண்டியிருக்கவில்லை.