காணிக்காரர் நின்ற இடம்

பாபநாசத்துக்கு மேலே வண்டி போகாத காலம். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனாரைக் கும்பிட நானும் என் மனைவியும் மலையேறிக் களைத்திருந்தோம். கோயிலுக்குச் சற்று முன்னால் ஆற்றைக் கடக்கையில் கால் வழுக்கி, வெள்ளம் என்னை இழுத்தது. கிழங்கு சுமந்து வந்த மலைவாசி, காணிக்காரர் ஒருவர், சுமையைப் போட்டுவிட்டுக் குதித்து, என்னைத் தோளில் தூக்கிக் கரையேற்றினார்.

மூச்சு வந்ததும் எனக்குத் தோன்றியது, இவர் தொட்ட தீட்டோடு சந்நிதிக்குப் போகக் கூடாதே என்பதுதான். மறுபடியும் ஆற்றில் இறங்கினேன்.

“இப்பத்தானே தூக்கிவிட்டேன். எதுக்கு சாமி இறங்குதீய?” என்றார்.

“உம்ம கை பட்டுட்டுல்லா, அதுக்கு முழுகுதாவ. ஆத்தோட போயிருந்தா சுத்தமாப் போயிருப்பாவ,” என்றாள் மனைவி கசப்புடன்.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ தண்ணீரில் இறங்கி, நீரோட்டத்தில் எனக்கு நாலடி கீழே, இடுப்பளவு வெள்ளத்தில் கைகளை விரித்து நின்றார்.

“பைய முழுகுங்க சாமி. இழுத்தா பிடிச்சுக்கிடுதேன்.”

பிடித்தால் மறுபடியும் தீட்டு என்று தெரிந்தேதான் நின்றார். நானும் வெட்கமில்லாமல் மூன்று முழுக்கையும் போட்டேன்.

இப்போது மலையேறக் காலில் தெம்பில்லை. வீட்டிலிருந்தே ஐயனாரை நினைத்துக் கண்ணை மூடுகிறேன். கைகளை விரித்தபடி அந்தக் காணிக்காரர்தான் வந்து நிற்கிறார்.