அவள் மீனும் என் கருவாடும்

சமையல் படிக்க ஆக்லாந்து வந்தேன். வெளிநாடு இதுதான் முதல் தடவை. அங்கே மங்கரே பகுதியில் ஒரு தமிழ் அண்ணன் வீட்டில் அறை கிடைத்தது.

“கருவாடு மட்டும் வேணாம் தம்பி. வாசம் வந்துச்சு, ரூமைக் காலி பண்ணிடணும்” என்றார்.

வேறு இடம் இல்லை. தலையாட்டினேன்.

என்னோடு படிக்கும் மைட்டே, ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரி. ஒரு சனிக்கிழமை உப்பிட்டுக் காயவைத்த மீன் துண்டு ஒன்றைத் தந்தாள். நாளை வந்து சமைக்கிறேன், அதுவரை ஊறட்டும், தண்ணீரை மாற்றிக்கொண்டே இரு என்றாள். கருவாடு எனக்குத் தெரியாததா? வெந்நீரில் அலசி வைத்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் வீட்டுக்கு வந்து சமைத்தாள். பூண்டு, எண்ணெய், மீன், அவ்வளவுதான். கரண்டி போடாமல் சட்டியை ஆட்டியே எண்ணெயைக் கெட்டிக் குழம்பாக்கினாள். வாசம் வீடெங்கும் பரவியது. அண்ணன் வேகமாக வந்தார். அவளைப் பார்த்ததும் சிரித்தார். ஸ்பெயின்காரி என்றேன்.

“ஓ, ஸ்பானிஷ் டிஷ்ஷா? சூப்பர்!”

உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். ஒரே உப்பு என்று உடனே துப்பினார்.

“ஊறவைக்கவில்லையா?” என்று மைட்டே என்னைக் கேட்டாள்.

“இல்லை. கருவாடு மாதிரி அலசினேன்.”

“கருவாடா?” அண்ணன் முகம் மாறியது.

“ஆமாண்ணே, இதுவும் கருவாடுதான். அவங்க செஞ்சா டிஷ்ஷு, நான் செஞ்சா வாசமா? காலி பண்ணணும்னா இப்பவே சொல்லுங்க.”

அவர் தண்ணீர் குடித்தார். “அடுத்த தடவை ஒழுங்கா ஊறவை தம்பி” என்றார்.

இப்போது அவள் மீனைச் சொன்னபடி ஊறவைக்கிறேன். என் கருவாட்டையும் அதே சட்டியில் சமைக்கிறேன். அறையை நான் காலி செய்யவில்லை.